மீசைக்காரரின் வயிறு

"நேத்து நுரை மாதிரி போச்சு தம்பி. இன்னிக்குக் காலைல கொஞ்சம் பரவாயில்ல, பசை மாதிரி" என்றார் பினிஷிங் அண்ணன், என் காதுக்குப் பின்னால் சவரக்கத்தியை வைத்துக்கொண்டே. காதருகே கத்தி இருக்கும்போது எந்த மனிதனும் மறுத்துப் பேச மாட்டான். "அப்படியா அண்ணே, நல்லதுதானே" என்றேன். பெஞ்சில் காத்திருந்த ஒருவர், தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டை மெதுவாகப் பொட்டலத்துக்குள் போட்டு, பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்த அன்றாட அறிக்கை இரண்டாவது நாற்காலியில் சுருண்டு படுத்திருக்கும் பூனையைப் பற்றியது. கடையில் இருப்பதே இரண்டு நாற்காலிகள்தான். ஒன்றில் அண்ணன் வேலை செய்கிறார். இன்னொன்று மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் நெடுநாளாக மக்கர் பண்ணுகிறது. ஆகவே அது பூனைக்கு என்று ஆகிவிட்டது. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்குக்குக் கீழே மட்டும் ஒரு கறுப்புத் திட்டு, யாரோ கவனமாகக் கத்தரித்துவிட்ட மீசை போல. வந்த அன்றே மீசைக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. அண்ணன் அதை அஃறிணையில் பேசி நான் கேட்டதில்லை. "அவரு இன்னும் எந்திரிக்கல" என்பார். "அவருக்கு ஃபேன் காத்து நேரா பட்டா பிடிக்காது" என்பார்.

அண்ணனுக்குப் பினிஷிங் என்ற பெயர் வந்ததற்கு அவரேதான் காரணம். வெட்டு முடிந்து, துணியை உதறி, காசையும் கொடுத்துவிட்டு நாம் எழுந்தாலும் விட மாட்டார். "இருங்க, பினிஷிங் இருக்கு" என்று தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைப்பார். தட்டை வடிவத் தகர டப்பாவிலிருந்து நகக்கண் அளவு கிரீமை எடுத்து, இரண்டு உள்ளங்கையிலும் சூடு பறக்கத் தேய்த்து, தலையை முன்னும் பின்னும் நீவி, கடைசியாகப் புருவத்தின் மேல் ஒரு விரலை ஓட்டுவார். பிறகு ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துக் கண்ணாடியில் நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் அவருக்குத் திருப்தி வந்தால்தான் நமக்கு விடுதலை. என் தலையில் இப்போது நீவுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அதற்காக என் கணக்கில் அவர் கிரீமைக் குறைத்ததில்லை.

கடைக்கு வெளியேயும் அந்தக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் மடங்கிய காலரை நிமிர்த்திவிடுவார். அறிமுகமில்லாதவர் தோளில் கிடக்கும் முடியை எடுத்துப் போடுவார். சிலர் நன்றி சொல்வார்கள், சிலர் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். எதிரே வருகிற ஆளை அவருக்கு அடையாளம் தெரியாது. நாலு எட்டு தாண்டிப் போன பிறகு திரும்பிப் பார்த்து, "அட, ரெட்டைச் சுழிக்காரர்ல போறாரு!" என்று கூப்பிடுவார். உலகத்தின் முக்கால்வாசியை அவர் பிடரிப் பக்கமாகத்தான் அறிவார்.

மீசைக்காரரும் முதுகைக் காட்டித்தான் அறிமுகமானார். ஆதரவற்ற பிராணிகளை வைத்துக் காப்பாற்றும் விடுதியின் மேலாளர் அண்ணனின் வாடிக்கையாளர். சடை பிடித்துப்போன நாய்களுக்கு முடி எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று அவர் புலம்பப்போக, கடை விடுமுறையன்று அண்ணன் மெஷினையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாய்களை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, ஒரு கூண்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது ஒரு வெள்ளை முதுகு. அதிலும் சிக்கு. மடியில் வைத்து ஒவ்வொரு முடிச்சாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே அது தூங்கிவிட்டது. "என் கையில எத்தனையோ பேர் தூங்கியிருக்காங்க. ஆனா குறட்டை விட்டுட்டு எந்திரிச்சு, என்னைத் திரும்பிப் பாத்தவரு இவரு ஒருத்தர்தான்" என்பார்.

அங்கே இரண்டு விஷயங்கள் சொன்னார்கள். ஒன்று, ஏற்கெனவே ஒரு குடும்பம் அதைக் கூட்டிக்கொண்டு போய், சோபாவைப் பிறாண்டுகிறது என்று கொண்டுவந்து விட்டுவிட்டது. இன்னொன்று, ஒத்துவரவில்லை என்றால் அண்ணனும் திருப்பிக் கொடுக்கலாம். இந்த இரண்டாவது பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "சட்டையா அவரு, அளவு சரியில்லன்னு போய் மாத்திட்டு வர்றதுக்கு?" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன விடுதி நடத்துகிறேனா? ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அப்போது பிடரியை வழித்துக்கொண்டிருந்தார்.

வந்த முதல் வாரமே வயிறு கெட்டது. இடமாற்றம், பயம், எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள். பாலை நிறுத்தினார்கள். வேகவைத்த கோழி, அது ஆகாமல் வேகவைத்த மீன், அதுவும் ஆகாமல் மருத்துவர் எழுதிக் கொடுத்த தனி உணவு. எதைப் போட்டாலும் மறுபக்கம் ஒரே கதைதான். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்றார் ஒருவர். தட்டை மாற்றுங்கள் என்றார் இன்னொருவர். கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பார்த்து அதற்குக் கவலை வந்துவிட்டது என்றார் ஒரு பெரியவர். அண்ணன் மூன்றையும் செய்தார். இரண்டாவது நாற்காலிக்கு எதிரே இருந்த கண்ணாடியில் கொஞ்ச காலம் ஒரு துண்டு தொங்கியது.

பிராணி மருத்துவர் இளம் பெண். சிடுசிடுப்பாகப் பேசுவார், ஆனால் பூனையை மட்டும் பஞ்சு போலத் தூக்குவார். மலத்தைக் கொஞ்சம் கொண்டுவாருங்கள், சோதித்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்னபோது, அண்ணன் கைக்குக் கிடைத்த பாத்திரத்தில் கொண்டுபோனார். அது ஒரு காலி கிரீம் டப்பா. மருத்துவர் திறந்தார், முகர்ந்தார், மூடினார்.

"என்னங்க இது, ரோஜாப்பூ வாசனை அடிக்குது?"

"டப்பாவுல இருந்திருக்கும் டாக்டர்."

"வேற டப்பாவே கிடைக்கலையா உங்களுக்கு?"

அத்தோடு அந்த ரோஜா வாசனையை இருவருமே மறந்துவிட்டார்கள். அதற்கடுத்த முறை மருத்துவருக்கு வேறொரு சந்தேகம் வந்தது. வயிறு இப்படிக் கெட்டுக் கிடக்கும் பூனைக்கு முடி மங்கி, உதிரத் தொடங்கியிருக்க வேண்டும். இது மட்டும் எப்படிப் பளபளவென்று இருக்கிறது? விரலால் முதுகைத் தடவிப் பார்த்து, "புரியலையே" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "நம்ம பராமரிப்பு அப்படி டாக்டர்" என்று சொல்லிவிட்டு, கடைக்கு வந்து பெஞ்சில் இருந்த எல்லோரிடமும் அதைச் சொன்னார்.

வீடு கடைக்குப் பின்னால், ஒரு கதவு தூரத்தில். அண்ணி ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறார். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் தரையைக் கழுவ வேண்டியிருந்தது, மாலையில் செருப்பைக் கழற்றியதும் இன்னொரு முறை கழுவ வேண்டியிருந்தது. ஒரு நாள் புதுப் புடவையோடு வழுக்கி விழப் பார்த்தார். அன்றும் பூனையைத் திட்டவில்லை. "உங்களத்தான் சொல்லணும்" என்று ஆரம்பித்து, ஒரு அரைமணி நேரம் அண்ணனைத்தான் சொன்னார்.

மீசைக்காரர் இளைக்கத் தொடங்கியது எங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டது. நாற்காலியில் ஏறுவதற்கு முன் நின்று யோசித்தார். தூக்கினால் எலும்பு கையில் தட்டியது. காலை அறிக்கைகள் சுருங்கிக்கொண்டே வந்து, "அப்படியேதான் தம்பி" என்ற அளவில் நின்றன. அந்த நாட்களில் அண்ணன் ஒருவருக்குக் கிருதா ஒரு பக்கம் ஏற்றமாகவும் ஒரு பக்கம் இறக்கமாகவும் வைத்துவிட்டார். அவர் கையால் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் நான் போனபோது, அண்ணி வேலையிலிருந்து வந்த கையோடு, பையைக்கூட இறக்கி வைக்காமல் கதவில் சாய்ந்து நின்றார்.

"தம்பி இருக்கும்போதே சொல்றேன். எனக்கு அதுமேல கோபம் இல்ல. தரை கழுவறது ஒரு வேலையா? ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அங்க இருந்தவரைக்கும் அதுக்கு வயிறு நல்லாத்தான் இருந்துச்சுன்னு அவங்களே சொல்றாங்க. நம்மகிட்ட வந்துதான் இப்படி ஆகுது. நம்ம வீட்டுல ஏதோ ஒண்ணு அதுக்கு ஒத்துக்கல. நமக்கு ஆசையா இருக்குன்னு அதை வச்சுக்கிட்டுக் கொல்லணுமா?"

அண்ணன் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"ரெண்டாவது தடவையாக் கொண்டுபோய் விட்டா, அவரு மறுபடி சுவத்தப் பாத்து உக்காந்துக்குவாரும்மா" என்றார்.

"உசிரோட இருந்து உக்காரட்டும்" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு உள்ளே போனவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

பிடிவாதம் என்றால் கேலி செய்யலாம், எரிச்சல் என்றால் சமாதானம் சொல்லலாம். அண்ணி பேசியதோ நியாயம். நியாயத்துக்கு எதிரே நின்ற அந்த மனிதரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஆக, முடிவானது இதுதான். விடுமுறையன்று கடைசியாக ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவது; அவருக்கும் வழி தெரியவில்லை என்றால், அப்படியே விடுதிக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவது. என் ஸ்கூட்டரில் போனோம். பின்சீட்டில் அண்ணன், அவர் மடியில் கூடை, கூடைக்குள் மீசைக்காரர், அவருடைய போர்வை, பாதி தீர்ந்த உணவுப் பை. சிக்னலில் நின்றபோது அண்ணன் என் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஒரு கிளிக்காரரும் ஒரு நாய்க்காரம்மாவும் எங்களுக்கு முன் இருந்தார்கள். எங்கள் முறை நெருங்கியதும் அண்ணன் கூடையைத் திறந்து பூனையை மடியில் எடுத்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தகர டப்பாவை எடுத்தார். நகக்கண் அளவு கிரீம். இரண்டு கையும் சூடாகும்படி ஒரு தேய்ப்பு. நெற்றியில் தொடங்கி வால் நுனிவரை ஒரே நீவல், விலாப்பக்கம் இரண்டு நீவல், கடைசியாக மூக்குக்குக் கீழே அந்தக் கறுப்புத் திட்டில் ஒரு விரல்.

"டாக்டர்கிட்டப் போறப்ப லட்சணமா இருக்க வேணாமா? அங்க போனாலும் நல்ல வீட்டுலேர்ந்து வந்தவருன்னு தெரியணும்ல" என்றார். நான் கிளியைப் பார்த்துக்கொண்டேன்.

மீசைக்காரர் தன் வேலையைத் தொடங்கினார். தோளிலிருந்து ஆரம்பித்து, ஒரு இடம் விடாமல் தன் உடம்பை நக்கினார்.

"அது என்னது?"

நிமிர்ந்து பார்த்தோம். கழுவிய கையை உதறியபடி கதவில் நின்றிருந்தார் மருத்துவர்.

"பூனைங்க டாக்டர்" என்றார் அண்ணன்.

"கையில என்னதுன்னு கேட்டேன்."

"கிரீமுங்க. தலைக்குப் போடறது. பினிஷிங்குக்கு."

"எப்பலேர்ந்து போடறீங்க?"

"வந்த நாள்லேர்ந்து. தினமும் காலைல ஒருக்கா, கடை மூடறப்ப ஒருக்கா. இங்க வர்றப்ப எல்லாம் வெளியவே போட்டுத்தான் உள்ள கூட்டிட்டு வருவேன்."

மருத்துவர் டப்பாவை வாங்கிப் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தார். முகர்ந்தார். ரோஜாப்பூ. பிறகு, கிளிக்காரர் நகர்ந்து கொடுத்த இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே" என்றார். அதுவரை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "இதுல பாதிக்குமேல பெட்ரோலியம் ஜெல்லி, மிச்சம் எண்ணெயும் சென்ட்டும். மலம் இறுகிப்போய் வர்ற பூனைக்கு நானே கிட்டத்தட்ட இதைத்தான் உள்ளுக்குக் கொடுக்கறேன், இளகி வர்றதுக்கு. அதுவும் துளியூண்டு. நீங்க ரெண்டு வேளை உடம்பு பூராப் பூசியிருக்கீங்க. அது அத்தனையும் நக்கி முழுங்கியிருக்கு."

"தலைக்குப் போடறதுதானே டாக்டர், வாய்க்கு எப்படிப் போகும்?" என்றார் அண்ணன், உண்மையாகவே புரியாமல். "எங்க கஸ்டமர் யாரும் தலைய நக்க மாட்டாங்களே."

நாய்க்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கிளிக்காரர் வெளிப்படையாகவே சிரித்தார். எனக்கும் பொங்கிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, என் கையாலதானா?" என்றார்.

மருத்துவர் எழுந்து, பூனையைப் பஞ்சு போலத் தூக்கிக்கொண்டார். "வாங்க உள்ள. முதல்ல இதைத் துடைச்சு எடுப்போம். இதுதான் காரணமான்னு நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும். எதுக்கும் அந்தப் போர்வையையும் துவைச்சுடுங்க" என்றார். விடுதியைப் பற்றி அன்று யாரும் பேச்சு எடுக்கவில்லை. ஸ்கூட்டர் தானாகவே வீட்டுப் பக்கம் திரும்பியது என்று சொன்னால் நம்புவீர்களா? திருப்பியது நான்தான்.

அண்ணியிடம் விஷயத்தை அண்ணனே சொன்னார், நின்றபடியே, ஒப்புக்கொள்கிற குரலில். அண்ணி முழுதும் கேட்டார். முதலில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினார், சிரித்துச் சிரித்துப் பூனையின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பூனையத் திருப்பிக் கொடுக்கறதாவது! உங்களக் கொண்டுபோய் அங்க விட்டுட்டு வந்திருக்கணும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரில் சிரிப்பு மட்டும்தான் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு கடையில் ஒரு புதுச் சடங்கு தொடங்கியது. மீசைக்காரரைத் தொடுவதென்றால் அண்ணன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார், துடைப்பார், கையை முகர்ந்து பார்ப்பார், சந்தேகம் வந்தால் என்னிடமும் நீட்டுவார். "ரோஜா வருதா பாருங்க தம்பி." வாடிக்கையாளர் யாராவது கிரீம் போட்ட தலையோடு பூனையைக் கொஞ்சக் குனிந்தால், சீப்பாலேயே தடுத்து நிறுத்துவார். சில நாள் வயிறு முரண்டு பிடித்தது. பிறகு பசை போல வந்தது. பிறகு ஒரு காலை, பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போது, வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அண்ணி வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் வந்து நின்றார்.

"கெட்டி!" என்றார்.

வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நுரை பூசிய முகத்தோடு நாற்காலியில் இருந்தவர் கையைத் தட்டினார். கண்ணாடி வைத்தியம் சொன்ன பெரியவர், தன் வைத்தியம்தான் தாமதமாகப் பிடித்திருக்கிறது என்றார். அண்ணன் மட்டும் சிரிக்காமல், "நாளைக்கும் பாப்போம்" என்று கத்தியைத் தீட்டினார். அந்தப் பேச்சில் அவருடைய பயம் முழுக்க இருந்தது. மறுநாளும் கெட்டி. அதற்கு மறுநாளும்.

மீசைக்காரர் இப்போது தேறிவிட்டார், கொஞ்சம் தொந்திகூட வைத்திருக்கிறார். பளபளப்புத்தான் போய்விட்டது. காதோரம் ஒரு கொத்து முடி எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கிறது, வாலடியில் இன்னொன்று. பினிஷிங் இல்லாமல் அந்தக் கடையில் நடமாடும் ஒரே ஜீவன் அவர்தான். அண்ணன் பார்வை வேலைக்கு நடுவே அந்தக் காதோர முடிக்குப் போகும், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி நம் தலைக்குத் திரும்பும். அவருக்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்று அவர் கையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன வாரம் என் முறை. வெட்டு முடிந்து, கிரீம் எடுத்து, இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து மீசைக்காரர் தூக்கம் கலைந்து எழுந்து, சோம்பல் முறித்து, நாற்காலியின் கைப்பிடியில் ஏறி நின்று, அண்ணனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். காதோர முடி நட்டுக்கொண்டு நின்றது. "இருங்க, வேலையா இருக்கேன்ல" என்றார் அண்ணன். மீசைக்காரர் விடவில்லை, இன்னும் கொஞ்சம் எட்டி, இன்னொரு குரல். அண்ணன் என்னைக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார். பிறகு கிரீம் மினுங்கும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, மெல்லக் குனிந்து, தன் நெற்றியைப் பூனையிடம் நீட்டினார்.